மொய் நோட்டும் வன்தட்டும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவர் ஒருவர்

முன்னுரை

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வெள்ளம் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடியவன் நான். வீட்டுக் கணிப்பொறியின் வன்தட்டில் பிழை ஏற்பட்டால் அதை எவ்வாறு அறிவது, எவ்வாறு சரிசெய்வது, அதற்கும் முன்னால் எதைச் செய்வது என்பதை, பட்டறிந்தவன் என்ற முறையில் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். நம் கல்லூரியில் பயிலும் பலர் வீட்டில் இன்று ஒரு கணிப்பொறியேனும் இருக்கிறது. 2011 ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் அண்ணனோ அக்காளோ பெற்ற மடிக்கணினியாக அது இருக்கலாம். ஆதலின் இக்கட்டுரை கணிப்பொறியியல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று, எல்லோர்க்கும் உரியது.

எங்கள் வீட்டு மொய் விருந்து

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் பிறந்தால் மொய் விருந்துப் பந்தல்கள் எழும். வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை: மொய் என்பது அன்பளிப்பு மட்டுமன்று, அது திருப்பிச் செய்ய வேண்டிய கடமை. இன்று நமக்கு ஆயிரம் எழுதியவர் விருந்து வைக்கும்போது அந்த ஆயிரத்தோடு மேலும் கொஞ்சம் சேர்த்து நாம் எழுதவேண்டும். பத்திரம் இல்லை, வட்டி இல்லை, சாட்சி இல்லை. இருப்பது மொய் நோட்டு ஒன்றுதான். ஆகவே அந்த நோட்டை நிலப் பத்திரத்துக்கு நிகராகப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தென்னைகள் சாய்ந்தன. வீட்டின் ஓடுகளும் பறந்தன. பெட்டிக்குள் இருந்த பழைய மொய் நோட்டுகள் நனைந்து, மை கரைந்து போயின. அதனால் சென்ற ஆண்டு ஆடியில் நாங்கள் மொய் விருந்து வைத்தபோது, "காகிதம் வேண்டாம், கணிப்பொறியில் ஏற்றிவிடலாம்" என்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பேச்சை அப்பா தட்டவில்லை.

அக்காள் பிளஸ் டூ படிக்கும்போது பெற்ற மடிக்கணினியில் ஊர், பெயர், தொகை என வரிசையாகத் தட்டச்சு செய்தேன். மொத்தம் 640 பேர். மாமா ஒவ்வொருவருக்கும் தொகையைக் குறித்து ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பா ஐம்பது பேருக்கு ஒரு முறை பணத்தை எண்ணிக் கட்டி, அந்தக் கட்டின் தொகையை மட்டும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் குறித்தார். "எல்லாம் கணிப்பொறியில் இருக்கிறதே, இது எதற்கு?" என்று நான் சிரித்தேன்.

மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மின்சாரம் போனால் அதுவும் அணைந்துவிடும். விருந்தன்று மாலை இருமுறை மின்சாரம் போயிற்று. மூன்றாம் நாள் அந்தக் கோப்பைத் திறந்தேன். திறக்கவில்லை.

வன்தட்டு என்பது யாது?

நடந்ததை விளங்கிக்கொள்ள முதலில் வன்தட்டின் அமைப்பைக் காண்போம். 1956 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் முதல் வன்தட்டு அமைப்பை வெளியிட்டது. இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து சேமித்தவை ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டு அதைப்போல் பல்லாயிரம் மடங்கு கொள்கிறது. ஆயினும் தத்துவம் மாறவில்லை. அலுமினியம் அல்லது கண்ணாடித் தட்டின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. அதன்மேல் எழுதவும் படிக்கவும் ஒரு சிறு முனை.

மடிக்கணினியில் பெரும்பாலும் தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு 90 சுற்று. முனையோ தட்டைத் தொடுவதில்லை; சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின்மேல் மிதக்கிறது. நம் தலைமுடியின் கனம் 50,000 நானோமீட்டருக்கும் மேல் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு நுண்ணியது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு தூசியோ ஓர் அதிர்ச்சியோ முனையைத் தட்டின்மேல் உரசச் செய்தால், உரசிய இடத்தின் காந்தப் பூச்சு போய்விடும். அங்கே எழுதியிருந்ததும் போய்விடும்.

தட்டின் பரப்பு சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பாத்தியை ஆங்கிலத்தில் செக்டார் என்பர். முன்னர் ஒரு பாத்தியில் 512 பைட்டு இடம் இருந்தது. 2011க்குப் பிறகு வந்த பெரும்பாலான வன்தட்டுகளில் அது 4,096 பைட்டு. ஒரு தமிழ் எழுத்துக்குறி பெரும்பாலும் 3 பைட்டு இடம் பிடிக்கும். மொய் எழுதிய ஒருவரின் ஊர், பெயர், தொகை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 பைட்டு. எனவே ஒரு பாத்தி கெட்டால் நாற்பது பேரின் மொய் போயிற்று என்று பொருள்.

இருவகைப் பிழைகள்

வன்தட்டில் தோன்றும் பிழைகள் இருவகைப்படும். இவ்வேறுபாட்டை அறியாமல் சரிசெய்யப் புகுவதே பல இழப்புகளுக்குக் காரணம்.

முதலாவது கணக்குப் பிழை. எந்தக் கோப்பு எந்தப் பாத்திகளில் இருக்கிறது என்பதற்கு வன்தட்டிலேயே ஓர் அட்டவணை உண்டு. மொய் நோட்டின் முன்பக்கத்தில் ஊர்வாரியாகப் பக்க எண் குறித்து வைப்பதைப் போன்றது இது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அட்டவணையில் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக ஆகிவிடக்கூடும். இதைத் தடுக்க இக்காலக் கணிப்பொறிகள் அட்டவணையில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பில் எழுதிக்கொள்கின்றன. அவசரத்தில் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு பிறகு நோட்டில் ஏற்றுவது போலத்தான். மின்சாரம் திரும்பியதும் அந்தக் குறிப்பைப் பார்த்து அட்டவணையை நேர்செய்துகொள்ளும். அப்படியும் சில சமயம் பிழை தங்கிவிடும்.

இரண்டாவது தட்டுப் பிழை. பாத்தியே பழுதாகிப் படிக்க முடியாமல் போவது இது. நோட்டின் தாளே கிழிந்துபோனால் அட்டவணையைத் திருத்தி என்ன பயன்? பழுது பார்க்கும் நிரல்கள் அட்டவணையைத் திருத்தும். கெட்ட பாத்தியை இனித் தொடாதே என்று குறித்து வைக்கும். ஆனால் அதில் எழுதியிருந்தது படிக்க முடியாததாகிவிட்டால், அதை அவை புதிதாகப் படைத்துத் தர மாட்டா.

நான் செய்த தவறு

நண்பர்களே, நான் செய்தது இதுதான். கோப்பு திறக்கவில்லை என்றதும், பதற்றத்தில் பழுது பார்க்கும் நிரலை அதன் முழு வேகத்தில் ஓடவிட்டேன். இரவு முழுதும் ஓடிற்று. இடையிடையே பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஓர் ஒலி. அந்த ஒலியைச் சில மாதங்களாகவே கேட்டுவந்தேன். பழையது அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். காலையில் "பழுது சரிசெய்யப்பட்டது" என்று திரை கூறியது. மகிழ்ச்சியோடு பார்த்தால் மொய்க் கோப்பையே காணவில்லை. அதற்குப் பதிலாக, எண்களையே பெயராகக் கொண்ட சில துண்டுக் கோப்புகள் ஒரு புதிய அடைவில் கிடந்தன. நிரல் தன் கடமையைச் சரியாகவே செய்திருந்தது. அட்டவணை இப்போது ஒழுங்காக இருந்தது. எங்கள் கணக்குதான் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "பணம் போனா உழைச்சுச் சம்பாதிக்கலாம்ப்பா. யாரு என்ன எழுதுனாங்கன்னு தெரியலைன்னா ஊருல எப்படித் தலைகாட்டுறது?" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

மறுநாள் கணிப்பொறியியல் துறை ஆசிரியர் ஒருவரிடம் மடிக்கணினியைக் கொண்டு சென்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பழுது பார்க்குமுன் படி எடுத்தாயா?" இல்லை என்றேன். "இனி இதை இயக்காதே" என்று கூறி வன்தட்டைக் கழற்றினார். லினக்ஸ் இயங்கும் வேறொரு கணிப்பொறியில் அதை இணைத்து, டிடிரெஸ்க்யூ என்னும் நிரலால் தட்டு முழுவதையும் அப்படியே ஒரு புதிய தட்டுக்குப் படி எடுத்தார். இந்நிரல் நல்ல பாத்திகளை முதலில் விரைந்து படித்துவிடும். படிக்க மறுக்கும் இடங்களை விட்டுச்சென்று, இறுதியில் திரும்பி வந்து சிறிது சிறிதாக முயலும். நோயுற்றவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்காமல் முக்கியமானதை முதலில் கேட்பது போன்ற முறை.

இரண்டு இரவுகள் கழிந்தன. பிறகு அந்தப் படியில் "கீரமங்கலம்" என்ற சொல்லைத் தேடச் சொன்னார். கோப்பின் பெயர் போயிருந்தாலும் எழுத்துகள் போகவில்லை. துண்டு துண்டாக 600 பேரின் மொய் கிடைத்தது. 402 ஆம் வரிசை முதல் 441 வரை வெறுமை. சரியாக ஒரு பாத்தி. "முதலிலேயே படி எடுத்திருந்தால் இந்தப் பாத்தியும் படிக்க வந்திருக்கக்கூடும்" என்றார் ஆசிரியர்.

பென்சில் குறிப்பு காத்தது

நாற்பது பேர் யார் என்று அப்பாவும் அம்மாவும் ஒவ்வொருவராக நினைவுகூர்ந்தார்கள். உறவினரிடம் சென்று மாமா தந்த துண்டுச் சீட்டைப் பார்த்துக் குறித்து வந்தேன். கேட்க வெட்கமாக இருந்தது. ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. முப்பத்தொன்பது பேர் தெரிந்தார்கள். கடைசி ஒருவர், தூரத்து ஊரைச் சேர்ந்த பெரியவர். வந்தது நினைவிருந்தது, சீட்டை அவர் தொலைத்துவிட்டார், எழுதிய தொகை அவருக்கும் நினைவில்லை.

அப்போது அப்பா அந்த நாட்காட்டித் தாளை எடுத்து வந்தார். 401 முதல் 450 வரை உள்ள ஒன்பதாவது கட்டு ரூ.78,500. தெரிந்த 49 பேரின் கூட்டுத்தொகை ரூ.76,500. எனவே பெரியவர் எழுதியது ரூ.2,000. நான் சிரித்த பென்சில் குறிப்பே கணக்கை முடித்துவைத்தது.

அறிவியல் வியப்பு என்னவென்றால், வன்தட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு பாத்தியிலும் நம் எழுத்துகளோடு சில சரிபார்ப்பு எண்களையும் சேர்த்து எழுதுகிறது. படிக்கும்போது சில எழுத்துகள் தெளிவில்லாமல் போனால், அவ்வெண்களைக் கொண்டு கணக்கிட்டுத் திருத்திக்கொள்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஹேமிங் 1950 ஆம் ஆண்டு இத்தகைய பிழைதிருத்தும் குறிமுறையை வெளியிட்டார். 1960 ஆம் ஆண்டு ரீட், சாலமன் ஆகிய இருவர் வகுத்த மேலும் வலிய குறிமுறை நெடுங்காலம் வன்தட்டுகளிலும் குறுந்தகடுகளிலும் பயன்பட்டது. ஆனால் எதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்தக் கட்டில் இருவர் தொகை தெரியாமல் போயிருந்தால், இருவருக்கும் சேர்த்து எவ்வளவு என்பது மட்டுமே தெரிந்திருக்கும், தனித்தனியே தெரிந்திருக்காது. அதுபோல, திருத்தக்கூடிய அளவைப் பிழை தாண்டிவிட்டால் வன்தட்டு கைவிரித்துவிடும். அதையே நாம் கெட்ட பாத்தி என்கிறோம்.

செய்ய வேண்டிய முறை

இனி, உங்கள் கணிப்பொறியில் ஐயம் தோன்றினால் பின்பற்ற வேண்டிய வரிசையைக் கூறுகிறேன்.

ஒன்று: அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள். டிக், டிக் ஒலி, ஒரு கோப்பைத் திறக்க நெடுநேரம் ஆதல், அடிக்கடி உறைந்து நிற்றல், கோப்பின் பெயர் சிதைந்து தோன்றுதல், தட்டைச் சரிபார்க்கவேண்டும் என்று கணிப்பொறியே கேட்டல் ஆகியவை நோயின் அறிகுறிகள்.

இரண்டு: முதலில் படி எடுங்கள். சான்றிதழ்கள், புகைப்படங்கள், குறிப்புகள் என ஈடுசெய்ய முடியாதவற்றைப் பென் டிரைவுக்கோ வேறு தட்டுக்கோ மாற்றுங்கள். ஒலி பலமாக இருந்தால் உடனே அணைத்துவிட்டு அறிந்தவரை அணுகுங்கள்.

மூன்று: தட்டின் உடல்நிலையைப் பாருங்கள். ஒவ்வொரு வன்தட்டும் ஸ்மார்ட் என்னும் தன்குறிப்பை வைத்திருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரல்கள் அதைக் காட்டும். அதில் 5 ஆம் எண் வரிசை, மாற்று இடம் தரப்பட்ட பாத்திகளைக் குறிக்கும். 197 ஆம் வரிசை, படிக்க முடியாமல் காத்திருக்கும் பாத்திகளைக் குறிக்கும். இவை சுழியாக இருப்பது நன்று. நாளுக்கு நாள் ஏறினால் தட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை காட்டிய தட்டு, பிழையில்லாத தட்டைவிட 39 மடங்கு அதிகமாக அடுத்த 60 நாள்களுக்குள் பழுதாகக்கூடும் என்று அது கூறியது. ஸ்மார்ட் குறிப்பில் எந்த அறிகுறியும் காட்டாமலே பழுதான தட்டுகளும் பல என்று அதே அறிக்கை கூறியதையும் மறக்கலாகாது.

நான்கு: இதன் பிறகே பழுது பார்க்கும் நிரல். விண்டோஸில் இதன் பெயர் செக் டிஸ்க். திஸ் பிசி என்னும் இடத்தில் தட்டின் மேல் வலச்சொடுக்கு செய்து, பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று செல்லலாம். அல்லது கட்டளைத் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து சி, எச், கே, டி, எஸ், கே என்ற ஆறு எழுத்துகளைத் தட்டச்சு செய்து, ஓர் இடம் விட்டுத் தட்டின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் இடலாம். இத்துடன் நிறுத்தினால் அது பார்த்துச் சொல்லும், எதையும் மாற்றாது. சாய்கோட்டுடன் எஃப் சேர்த்தால் கணக்குப் பிழையைத் திருத்தும். சாய்கோட்டுடன் ஆர் சேர்த்தால் பாத்தி பாத்தியாகப் படித்துக் கெட்டவற்றை ஒதுக்கும். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். விண்டோஸ் இயங்கும் தட்டாயின், அடுத்த முறை தொடங்கும்போது செய்யட்டுமா என்று கேட்கும். ஆம் என்று கூறவேண்டும். லினக்ஸில் இதே பணியை எஃப்எஸ்செக் செய்கிறது. அங்கே தட்டுப் பகுதியை இணைப்பு நீக்கிய பிறகே திருத்த வேண்டும். தொடங்கிய பின் இடையில் அணைக்கக் கூடாது. பேட்டரி இல்லாத மடிக்கணினியில், மின்தடை அறிவித்த நாளில் தொடங்கவே கூடாது.

ஐந்து: தட்டைத் திறந்து பார்க்காதீர்கள். அறையில் மிதக்கும் தூசி ஒன்று போதும், அதை முடித்துவிட. ஐயத்துக்குரிய தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் வேலையும் வேண்டாம். அது முனையை மேலும் அலையவிடும்.

இன்று பல கணிப்பொறிகளில் சுழலும் தட்டே இல்லை. எஸ்எஸ்டி எனப்படும் மின்னணுச் சேமிப்பான்கள் வந்துவிட்டன. அவற்றில் முனையும் இல்லை, டிக் ஒலியும் இல்லை. விரைவும் அதிகம், சிறு அதிர்ச்சிகளையும் தாங்கும். ஆனால் சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நாளில் ஓய்ந்துவிடும். ஆகவே படி எடுக்கும் கடமை அவற்றுக்குக் கூடுமே தவிரக் குறையாது.

முடிவுரை

நம் மாவட்டத்துக் குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பாறையில் நிற்கும் அதையும் அறிஞர்கள் தாளில் படி எடுத்து அச்சிட்டு வைத்தார்கள். கல்லையே நம்பி இருக்காதவர்கள் நம் அறிஞர்கள். நானோ சில நானோமீட்டர் இடைவெளியில் சுழலும் ஒரு தட்டை நம்பி இருந்தேன். காகிதம் மழையில் நனைந்தது. தட்டு மின்தடையில் கெட்டது. எந்தப் பொருளும் நிலையானதன்று. நிலைப்பது படி ஒன்றே. முக்கியமானவற்றுக்கு மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது கணிப்பொறி அறிந்தோர் கூறும் விதி.

இப்போது எங்கள் மொய்க் கணக்கு புதிய வன்தட்டில் ஒன்று, அக்காள் வீட்டில் உள்ள பென் டிரைவில் ஒன்று, அச்சிட்ட தாளில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கிறது. அந்தப் பெரியவரின் பேத்திக்கு வரும் தையில் காதுகுத்து. இரண்டாயிரத்தோடு ஐந்நூறு சேர்த்து எழுதவேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தாளில் பார்த்துச் சரிபார்த்துவிட்டேன்.